கிளிக்கு முதலிடமா?

கல்வியின் பயன் யாது என்று வினவினால், அறிவு வளர்தல், பண்பு வளர்தல், வாழ்வு உயர்தல் என்று அனைவரும் ஒரே குரலில் விடை கூறுவோம். ஆயினும் மார்ச்சுத் திங்கள் நெருங்கும்போது அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள இல்லங்களில் எழும் வினா வேறாக இருக்கிறது. "எவ்வளவு மதிப்பெண் வரும்?" என்பதே அவ்வினா. பிள்ளையின் பந்தும் மட்டையும் பரண்மேல் ஏறிவிடுகின்றன. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குத் தந்தை மட்டும் சென்று திரும்புகிறார். தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து வருபவர், உறங்கப் போகும் முன்னர், "எத்தனை பாடம் முடித்தாய்?" என்று மகனைக் கேட்கிறார். "என்ன விளங்கிற்று?" என்று கேட்பவர் அரியர்.

பெற்றோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தாம் பெறாத கல்வியைத் தம் மக்கள் பெறவேண்டும் என்று உழைப்பவர்கள் அவர்கள். சமுதாயம் தங்களிடம் கேட்பதையே அவர்கள் பிள்ளையிடம் கேட்கின்றனர். கல்லூரியில் இடம் தருவதற்கும், உதவித்தொகை வழங்குவதற்கும், மேடையில் பரிசளிப்பதற்கும் நாம் அனைவரும் மதிப்பெண்ணையே கேட்டுப் பழகிவிட்டோம். ஆகவே, கற்பிக்கும் முறையும் தேர்வு முறையும் வளரும் பிள்ளையின் அறிவை என்ன செய்கின்றன என்பதை மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் ஒருங்கிருந்து எண்ணிப் பார்ப்பது கடமையாகிறது.

நன்னூலார் வகுத்த வரிசை

தமிழ் பயில்வோர் இவ்வாராய்ச்சியைத் தொடங்க அயல்நாட்டு நூல் எதனையும் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தும் சொல்லும் கூறப் புகுமுன்னர்ப் பாயிரத்திலேயே நல்லாசிரியர் யார், மாணாக்கர் யார், கற்பிக்கும் முறை யாது, கற்கும் முறை யாது என வகுத்துரைக்கிறது. மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்தி ஒவ்வொருவர்க்கும் உவமை காட்டுகிறது. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமும், மேய்ந்ததை ஓரிடத்தில் இருந்து அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கருக்கு உவமை. உழவன் உழைத்த அளவுக்கு விளைவு தரும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததையே திருப்பிச் சொல்லும் கிளியும் இடை மாணாக்கருக்கு உவமை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை மாணாக்கருக்கு உவமையாயின.

இவ்வரிசையில் கிளியின் இடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். நன்னூலார் கிளியை இகழவில்லை, கடைசியில் தள்ளவுமில்லை. ஆனால் முதலிடமும் தரவில்லை. நம் காலத்துத் தேர்வுத் தாளோ கிளியை எடுத்து அன்னத்தின் இருக்கையில் அமர்த்தியிருக்கிறது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது இதுவே: தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே பள்ளி கற்பிக்கும்; பள்ளி எதைக் கற்பிக்கிறதோ அதற்கேற்பவே பிள்ளை வளரும். வினாத்தாளைத் திருத்தாமல் வகுப்பறையைத் திருத்த முயன்றால் அம்முயற்சி நிலைபெறாது.

வகுப்பறையில் நாம் காண்பது

ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உங்கள் தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்" என்று சொல்வது நம் வழக்கம். மேல்நிலைத் தேர்வில் தமிழில் 90க்கு மேல் பெற்றவர்கள் அவ்வகுப்பில் பலர் இருப்பர். அரைமணி நேரம் கழிந்த பின்னரும் பல தாள்கள் வெறுமையாகவே இருக்கும். ஒருமுறை ஒரு மாணவர் தயங்கி எழுந்து, "ஐயா, இது எந்தப் பாடத்தில் வருகிறது?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாணவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். தண்ணீர் லாரி தம் தெருவிற்கு எத்தனை மணிக்கு வரும், மழைக்காலத்தில் எந்தச் சந்தில் முழங்கால் அளவு நீர் நிற்கும், அந்நாளில் யார் வீட்டுத் திண்ணை வழியாகப் பிள்ளைகள் பள்ளி செல்வர் என்பவற்றை வாய்மொழியாகக் கேட்டபோது சுவைபட எடுத்துரைத்தார். தாம் பேசியதே எழுதத் தக்கது என்பதை 12 ஆண்டுப் பள்ளிக் கல்வியில் அவர் உணரவில்லை. கடிதம் எழுத ஒரு வாய்பாடு. கட்டுரைக்கு ஓர் உரைநூல். முன்னுரைக்கும் முடிவுரைக்கும் மனப்பாடம் செய்த நான்கு வரிகள். 'சொந்த நடையில் எழுதுக' என்று வினாத்தாள் பணித்தாலும் நூறு விடைத்தாள்களில் ஒரே நடை காணப்படுகிறது. சொந்த நடை என்ற ஒன்று தமக்கு உண்டு என்பதையே அறியாமல் இளைஞர் ஒருவர் கல்லூரி வாயிலை அடைவது எத்துணைப் பெரிய இழப்பு!

இதில் நம் பங்கை மறைத்தல் ஆகாது. கல்லூரியில் நாமும் முந்தைய ஆண்டு வினாக்களைச் சற்றே மாற்றித் தருகிறோம். கிளி எழுதிய விடையைத் திருத்துதல் எளிது. அன்னம் எழுதிய விடையை நின்று படிக்க வேண்டியிருக்கிறது. குவிந்து கிடக்கும் விடைத்தாள்களின் முன்னே எளிய வழியை நாமும் நாடியதுண்டு. ஆதலின் பள்ளி ஆசிரியரை நோக்கி மட்டும் விரல் நீட்டும் தகுதி நமக்கு இல்லை.

உலக அரங்கில் ஒரு சோதனை

இது தமிழாசிரியரின் மனக்குறை மட்டுமே என்று சிலர் எண்ணக்கூடும். 15 வயது மாணவர்கள் தாம் கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்த வல்லவரா என்பதை அறியப் 'பிசா' எனும் பன்னாட்டுத் தேர்வு நடத்தப்படுகிறது. ஒரு கால அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு செய்திக்குறிப்பு ஆகியவற்றைக் கொடுத்து, அவற்றைப் படித்துச் சிந்தித்து விடை எழுதச் சொல்வது அதன் இயல்பு. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாக நடந்த தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவுகள் வெளிவந்தன. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் வாசிப்பு, கணிதம், அறிவியல் ஆகிய மூன்றிலும் நம் மாநிலம் கடைசி மூன்று இடங்களுக்குள்ளேயே நின்றது. அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐவரில் நால்வருக்கு மேற்பட்டோர் தேர்ச்சி பெற்று வந்தனர் என்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

அவ்வினாக்கள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைச் சூழலுக்கு அயலானவை என்று அன்று மறுப்பு எழுந்தது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் அதன்பின் 2012, 2015, 2018, 2022 ஆகிய சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. கண்ணாடியில் சிறு கோணல் இருந்திருக்கலாம். அதற்காகக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தால் முகம் தூய்மையாகிவிடுமா?

சீர்திருத்தங்கள் சொல்லும் செய்தி

தமிழ்நாடு வாளாவிருந்தது என்று கூறுவது நீதியாகாது. கடந்த கால் நூற்றாண்டில் இங்கு நிகழ்ந்த முயற்சிகள் பல. அவற்றுள் மூன்றினை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் தொடங்கிய இம்முறை 2007-08இல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை தாழ்ந்தது. அட்டைகளை எடுத்து, ஏணிப்படி போல ஒவ்வொரு நிலையாகத் தன் வேகத்தில் பிள்ளை ஏறிச் சென்றது. கற்பித்தலை மாற்றிய நன்முயற்சி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெற்றோர் கேட்ட கேள்வி வேறு. "பாயில் அமர்ந்து அட்டை அடுக்கும் பிள்ளை பத்தாம் வகுப்பில் என்ன எழுதும்?" என்றனர். அக்கேள்விக்கு விடை இல்லை. ஏனெனில் பத்தாம் வகுப்பு வினாத்தாள் அப்படியே இருந்தது. கீழே அன்னத்தை வளர்த்தோம். மேலே கிளிக்கான கூண்டைத் திறந்து வைத்திருந்தோம். 2022 ஜூன் 13 அன்று நமக்கு அண்மையில் உள்ள திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பெற்றது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கு ஏற்பப் பிரித்துக் கற்பிக்கும் இத்திட்டமும் மேல்வகுப்புகளில் அதே கூண்டை எதிர்கொள்ளக் கூடாது என்பதே நம் விருப்பம்.

இரண்டாவது, 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை வந்த முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. புத்தகச் சுமை குறைந்தது. பிள்ளையின் செயலுக்கும் இடம் கிடைத்தது. கருத்து உயர்ந்தது. நடைமுறையில் நாம் கண்டதோ, பல இல்லங்களில் தாய்மார் நள்ளிரவில் படம் வெட்டி அட்டையில் ஒட்டிய காட்சி. எழுதுபொருள் கடைகளில் செயல்திட்டங்கள் விலைக்குக் கிடைத்தன. மதிப்பெண்ணாக மாறியவுடன் செயலும் மற்றொரு மனப்பாடமாகிவிட்டது.

மூன்றாவது, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு. இதுவே நமக்குப் பெரும் பாடம். ஒன்பதாம் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பாடத்தையும், பதினோராம் வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையும் தொடங்கி ஈராண்டு உருப்போடச் செய்யும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியிருந்தது. பொதுத்தேர்வில் கேட்கப்படாத வகுப்பு ஆதலின் பதினோராம் வகுப்பே பிள்ளையின் வாழ்விலிருந்து காணாமற் போயிற்று. இதனைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடம் நடத்தப்பட்டது உண்மை. ஆனால் 10, 11, 12 என மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வைச் சுமக்கும் நிலை பிள்ளைகளுக்கு ஏற்பட்டது. 2025 ஆகஸ்டு 8 அன்று வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கை, 2025-26 முதல் அத்தேர்வை நீக்கியது. பிள்ளைகளின் சுமை குறைந்தது, நாம் மகிழ்கிறோம். ஆனால் பழைய வழக்கம் திரும்பாமல் காப்பது யார்? தேர்வு இருந்தால்தான் கற்பிப்போம் என்ற நிலையில் கல்வி நிற்கிறது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.

2017இல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் நின்றதும், மேல்நிலையில் பாடத்திற்கு 200 என இருந்த மதிப்பெண் 100 ஆனதும், 2018-19 முதல் புதிய பாடநூல்கள் வந்ததும் வரவேற்கத்தக்க மாற்றங்களே. எனினும் பந்தயத்தில் பரிசுக் கோப்பையை மட்டும் எடுத்துவிட்டால் ஓட்டம் நின்றுவிடுவதில்லை.

தொழிற்பேட்டை கற்பிக்கும் பாடம்

நம் பகுதி மக்களுக்கு அளவு பார்த்தல் புதிதன்று. 1960களில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், 1961இல் அமைந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அளவையினால் வாழும் இடங்கள். லேத் இயந்திரத்தில் ஓர் உருளையைக் கடையும் தொழிலாளி என்ன செய்கிறார்? முதல் உருப்படியைக் கடைந்தவுடன் அதனை வெர்னியர் கொண்டு அளக்கிறார். அளவு பிசகியிருந்தால் இயந்திரத்தின் அமைப்பைத் திருத்துகிறார். மீண்டும் கடைந்து மீண்டும் அளக்கிறார். ஆயிரம் உருப்படிகளைக் கடைந்து முடித்த பின்னர்க் கடைசியில் ஒருமுறை அளந்து, "இவற்றுள் நானூறு தேறவில்லை" என்று அறிவிக்கும் தொழிற்கூடம் ஒரு மாதத்தில் மூடப்படும்.

நம் கல்வியில் நிகழ்வது அதுவன்றோ? ஆண்டு முடிவில் ஒருமுறை அளக்கிறோம். தேறாத பிள்ளையிடமே குறை என்று முத்திரை குத்துகிறோம். கற்பித்தல் எங்கே பிசகியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. விடைத்தாள் திருத்தும் நிலையத்திற்குச் சென்ற தாள், பிள்ளையின் பிழையைச் சொல்லப் பிள்ளையிடமோ, கற்பித்த குறையைச் சொல்ல ஆசிரியரிடமோ திரும்பி வருவதில்லை. எண் மட்டும் வருகிறது. அந்த எண்ணைத் தாங்க இயலாமல் தேர்வு முடிவு நாளில் உயிர் துறந்த பிள்ளைகளைப் பற்றிய செய்தியை நாளிதழில் படித்துக் கலங்காத ஆசிரியர் இரார். அளவைக்குப் பயன் திருத்துதல் என்பதை நாம் மறந்ததன் விலை அது.

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு மாணவர் தேர்வுக்கு வரும்போது, அவர் கையில் ஓர் இரும்புத் துண்டும் அரமும் தரப்படுகின்றன. வரைபடத்தில் உள்ளவாறு அராவிப் பொருத்திக் காட்ட வேண்டும். "அராவுதல் என்றால் என்ன?" என்று எழுதுவது மட்டும் அங்கே போதாது. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருப்பதை நாம் அறிவோம். அத்தகைய மாணவர்கள் பொதுத்தேர்வில் விடையைச் சொல்ல, மற்றொருவர் எழுதுகிறார்; கூடுதல் நேரமும் தரப்படுகிறது. இதனால் தேர்வின் தரம் குறைந்துவிட்டதாக எவரும் கருதுவதில்லை. தேர்வின் வடிவத்தைப் பிள்ளைக்கு ஏற்ப அமைக்க இயலும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்றுகள் இவ்வாறு உள்ளன.

ஒரு வினாவின் ஆற்றல்

வினா மாறினால் கற்பித்தல் எவ்வாறு மாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பூந்தமல்லிக்கு அருகில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. "செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு யாது?" என்று கேட்டால், கிளி உடனே விடை சொல்லும், தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடும்.

இதற்கு மாறாக, "ஏரியில் 12 அடி நீர் நிற்கும்போது, அதன் கொள்ளளவில் பாதி நீர் இருக்குமா? காரணம் தருக" என்று கேட்டுப் பாருங்கள். 24இல் பாதி 12. ஆதலின் பாதி நீர் என்று கிளி கூறும். சற்றே சிந்திக்கும் பிள்ளையோ ஏரியைக் கண்முன் கொண்டுவரும். ஏரி செங்குத்தான சுவருடைய தொட்டியன்று. கரையிலிருந்து சரிந்து ஆழமாகும் தட்டுப் போன்றது. கீழே பரப்புக் குறைவு, மேலே பரப்பு மிகுதி. ஆதலின் 12 அடியில் பாதிக்கும் குறைவான நீரே இருக்கும் என்று விடை காணும். அதனைத் தொடர்ந்து, மேல்மட்டத்தில் ஓர் அடி உயர்வு எவ்வளவு பெருநீரைக் குறிக்கும் என்பதும், 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தின்போது அவ்வேரியின் நீர்மட்டத்தை ஊரே ஏன் அச்சத்தோடு கவனித்தது என்பதும் அப்பிள்ளைக்கு விளங்கும். ஒரே வினாவில் கணிதமும் புவியியலும் குடிமைப் பொறுப்பும் அடங்கிவிட்டன. இத்தகைய வினா ஒன்று பொதுத்தேர்வில் ஆண்டுதோறும் உறுதியாக வரும் என்று ஆசிரியர் அறிந்தால், ஒருநாளாவது பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்ல மாட்டாரா?

எழக்கூடிய மறுப்புகள்

"மனப்பாடம் வேண்டாம் என்கிறீர்களா?" என்று பெரியோர் வினவலாம். அவ்வாறு நாம் கூறவில்லை. சொல் மாறாமல் காக்கப்பட வேண்டியவற்றை நெஞ்சில் ஏற்றிக் காத்தல் பெரும்பேறு. குர்ஆனை முழுமையாக மனத்தில் தாங்கும் ஹாபிழ்களை நம் சமுதாயம் போற்றுகிறது. ஓதுவாரும் புலவரும் பனுவல்களை நெஞ்சில் தாங்கியமையாலேயே தமிழில் பல செல்வங்கள் பிழைத்தன. வாய்பாடு தெரியாமல் கணிதம் இல்லை. ஆனால் ஓர் அறிவியல் விதியையோ வரலாற்றுக் காரணத்தையோ பொருள் அறியாமல் உருப்போடுதல் காத்தலும் ஆகாது, கற்றலும் ஆகாது. பசு மேய்வதும் வேண்டும், அசைபோடுவதும் வேண்டும்.

"தேர்வையே ஒழித்துவிடலாமே?" என்பது மற்றொரு சாரார் கூற்று. இதனையும் நாம் ஏற்பதற்கில்லை. விடைத்தாளில் பிள்ளையின் பெயரும் தெருவும் குலமும் திருத்துவோர்க்குத் தெரிவதில்லை. கூலித் தொழிலாளியின் மகளும் ஆலை உரிமையாளரின் மகனும் ஒரே தாளை எழுதுகின்றனர். எளியோர் மேலே ஏறுவதற்குப் பொதுத்தேர்வு ஓர் ஏணியாக இருந்து வந்திருக்கிறது. ஆயினும் சிறுபிள்ளைகளை வடிகட்டத் தேர்வைப் பயன்படுத்துதல் கொடுமை. 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என 2019 செப்டம்பரில் அறிவித்த தமிழ்நாடு அரசு, எதிர்ப்புகளுக்குப் பின் 2020 பிப்ரவரி 4 அன்று அதனைத் திரும்பப் பெற்றது நன்றே. அதேவேளை, எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்று கூறி, எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் கொண்டுபோய் விடுவதும் அருளாகாது. பிள்ளையை நிறுத்தவும் வேண்டாம். அதன் குறையைக் காணாமல் விடவும் வேண்டாம். ஆண்டு முழுவதும் கண்டு திருத்துவதே வழி.

முன்னோர் கண்ட வழி

இவ்வழியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் கூறியதை நன்கு கொண்டாலும் மாணாக்கர் பெறுவது கல்வியில் கால் பங்கே என்றும், உடன் பயில்வோரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால் பங்கு வரும் என்றும், எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறையும் என்றும் நன்னூல் கூறுகிறது. நம் தேர்வு முறையோ முதற் காற்கூற்றையே முழுமை எனக் கொண்டது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அமைத்தார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காத்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரில் 1833இல் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கி உலகம் சென்ற முறையின் உயிர், பிள்ளை பிள்ளைக்குக் கற்பித்தல் ஆகும்.

தூனிஸ் நகரில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவிலும் இதே கவலையைக் காண்கிறோம். மொராக்கோ மதரஸாக்களில் மாணவர் தங்கிப் பயில 16 ஆண்டுகளும், தூனிஸில் 5 ஆண்டுகளும் வரையறுக்கப்பட்டிருந்தமையைச் சுட்டி, அந்நீட்சிக்குக் கற்பிக்கும் முறையின் குறையே காரணம் என்கிறார். பேசாமல் வாயடைத்து அமர்ந்து மனனத்திலேயே காலம் கழித்தவர்களுக்கு அறிவைக் கையாளும் ஆற்றல் வாய்க்கவில்லை என்றும், வாதித்தும் உரையாடியும் பழகுவதே அவ்வாற்றலைப் பெற எளிய வழி என்றும் உரைக்கிறார். மாணவரைக் கடுமையால் அடக்கினால் அவர்கள் ஊக்கம் இழந்து பொய்யும் கரவும் பழகுவர் என எச்சரிக்கவும் செய்கிறார். 600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வெச்சரிக்கை நம் பகுதிப் பள்ளி ஒன்றைக் கண்டு எழுதியது போலவே இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

வினாத்தாளை மாற்றுவது அரசின் கையில் உள்ளது. ஒவ்வொரு பாடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு வினாக்களேனும் நூலில் நேரடி விடை இல்லாதனவாக, பிள்ளை தானே எண்ணி எழுதத் தக்கனவாக அமைய வேண்டும் என்பது நம் கோரிக்கை. அம்மாற்றத்தை ஆசிரியர்க்கு முன்கூட்டியே அறிவித்து, அதற்கேற்ற பயிற்சியையும் அளித்தல் வேண்டும். இன்றேல், முன்னறிவிப்பின்றி வரும் கடின வினா பிள்ளையை அச்சுறுத்துமேயன்றி வளர்க்காது.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் நாள்தோறும் விடை தெரியாத ஒரு வினாவையேனும் வகுப்பில் எழுப்பலாம். திருத்திய தாளில் எண்ணை மட்டும் இடாமல், எங்கே பிசகியது என்று ஒரு வரி எழுதலாம். நம் கல்லூரித் தமிழ்த்துறை தன் அகத்தேர்வுகளில் இதனை முதலில் செய்து காட்டுதல் முறை. பிறர்க்குச் சொல்லும் உரிமை அதன்பின்னரே நமக்கு வாய்க்கும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். மஹல்லாதோறும் ஆண்டு விழாவில் மதிப்பெண் மிகப் பெற்றோர்க்குப் பரிசளிக்கிறீர்கள், அது தொடரட்டும். அதனோடு, நல்ல வினா எழுப்பிய பிள்ளைக்கும், ஆண்டில் பத்து நூல்கள் படித்துத் தம் சொல்லில் எடுத்துரைத்த பிள்ளைக்கும், பின்தங்கிய தோழனுக்குக் கற்பித்த பிள்ளைக்கும் ஒரு பரிசு வையுங்கள். மாலை நேரப் பயிற்சி வகுப்புக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியைப் படிப்பகத்திற்குத் தாருங்கள். மேடையில் எதைப் போற்றுகிறோமோ, அதையே மறுநாள் வீட்டில் பெற்றோர் பிள்ளையிடம் கேட்பர்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை உங்கள் தெருப் பிள்ளை ஒருவருக்குக் கற்பிக்கச் செலவிடுங்கள். அப்பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது உங்களுக்கு விடை தெரியாத இடங்கள் பல புலப்படும். நன்னூலார் சொன்ன பாதிப் பங்கு அவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

தெருவைப் பற்றி எழுத இயலாமல் நின்ற அம்மாணவரை முன்னரே குறிப்பிட்டோம். அவர் வாயால் சொன்னவற்றை வரிசைப்படுத்தி எழுதச் சொன்னோம். மூன்று வாரங்களுக்குப் பின், பிழைகள் மலிந்த இரண்டு பக்கங்களைக் கொண்டுவந்து தந்தார். தண்ணீர் லாரியும் மழைச்சந்தும் திண்ணைவீட்டுப் பாட்டியும் அதில் இருந்தனர். எந்த உரைநூலிலும் இல்லாத இரண்டு பக்கங்கள் அவை. பிழைகளைத் திருத்திக் கொடுத்தோம். எண் எதுவும் இடவில்லை. "மதிப்பெண் போடவில்லையே ஐயா?" என்று கேட்டார். "அடுத்த தெருவையும் எழுதி வாருங்கள்" என்றோம்.

எழுதி வந்தார்.